தட்டிவிடுகிறவள்

குறட்டை நின்றதும் பாண்டிச்செல்வியின் இடது கை தன்னால் எழும்பிப் புருஷனின் தோள்பக்கம் போனது. போன கையை அவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எலும்புக் குழம்பும் சுக்கா வறுவலும் ஒரு கட்டு கட்டிவிட்டு மல்லாந்து கிடக்கிறான் ராஜாங்கம். வாய் பிளந்திருக்கிறது, வயிறு மேடாக நிற்கிறது, தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, திருநகர் முழுக்கச் சோற்று மயக்கத்தில் கிடக்கிறது. இந்த நேரத்தில் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தோளில் ஒரு தட்டு. தட்டினால் அவன் தொண்டைக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டதுபோல ஒரு சத்தம் வரும், ஆள் ஒரு குலுக்கு குலுங்குவான், குறட்டை மறுபடி ஏறிவிடும். கல்யாணமான நாளிலிருந்து இது அவளுக்கு உத்தியோகம். மற்றவளுகளுக்குத் தாலி ஏறினால் அடுப்பும் துவைகல்லும் வரும், இவளுக்கு அதற்கு மேலே இதுவும் வந்தது. அந்த வீட்டில் இதற்கென்று ஒரு பேரே உண்டு, தட்டிவிடுறது. செல்வி அம்மா வீட்டுக்குப் போகணுமா, போகட்டும், பொழுது சாயத் திரும்பிரணும், தட்டிவிட ஆள் வேணும்ல. செல்விக்குக் காய்ச்சலா, மாத்திரை போட்டுக்கிட்டு அவன் பக்கத்தில் படுக்கட்டும், தட்டிவிடணும்ல. டாக்டர் ஒருவர் ராஜாங்கத்திடம் தூங்கும்போது மாட்டிக்கொள்ள மூச்சு மெஷின் ஒன்று வாங்கச் சொன்னார். மூஞ்சியில் மூடி போட்டுக்கொண்டு படுக்க நான் என்ன ஆஸ்பத்திரிக் கேஸா, எனக்குத்தான் ஆள் இருக்கே என்று சிரித்துவிட்டு வந்துவிட்டான். ஆள் என்றால் இவள். பதினோரு வருஷமாக ஒரு தூக்கத்தையும் முழுசாகத் தூங்காத ஆள்.

எச்சில் விழுங்கினாள். வலித்தது. வியாழக்கிழமையிலிருந்து எச்சில் விழுங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை நர்சிங் கல்லூரியில் முதலாண்டுப் பெண்கள் முன்னால் நின்று வாயைத் திறந்தால் குரலுக்குப் பதிலாகக் காற்றுதான் வந்தது. தொண்டை கட்டியிருக்கு என்றாள். நல்ல பெண்கள், இடைவேளையில் பனங்கற்கண்டும் மிளகும் பொட்டலம் கட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் என்ன என்று நினைக்கிறீர்கள், சுவாச மண்டலம். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கொஞ்சமும் கூச்ச நாச்சம் கிடையாது. குரல்வளை என்பது குருத்தெலும்புகள் சேர்ந்த ஒரு கூடு, அதற்குக் கீழே மூச்சுக்குழல், குழல் அமுங்கிப்போகாமல் இருக்க லாடம் மாதிரி வளையங்கள், என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து ஊசி குத்தியிருந்தாள். ஊசிக்குக் கீழே அவன் விரல் பதிந்த இடங்கள் கன்றியிருந்தன. நாக்குக்கு அடியில் ஓர் எலும்பு உண்டு, உடம்பில் வேறு எந்த எலும்போடும் சேராமல் தசையில் தொங்குகிற எலும்பு. கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பிணத்தை அறுக்கிறவர்கள் அதை எடுத்துப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அவள் தன்னுடையதைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒடியவில்லை. ஒடியவில்லை என்றால் குடும்பச் சண்டை, ஒடிந்திருந்தால் கொலை, நடுவில் இருப்பது கட்டைவிரலின் ஒரு அழுத்தம். எல்லாம் எதற்கு? அவனோடு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிற சிநேகிதன் வீட்டுப் பால்காய்ச்சில் பொம்பளைகள் உட்கார்ந்து புருஷன்மார் குறட்டையைப் பற்றிப் பேசிச் சிரித்தபோது, இவளும் வாய் சும்மா இராமல், நான் தட்டிவிடலேன்னா எங்க வீட்டுக்காரர் எந்திரிக்கவே மாட்டார் என்றாள். சிரிப்பு ஆம்பளைகள் பக்கமும் போய்விட்டது. அங்கே அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்து, முகத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, சத்தம் போடாமல், சோறு போடு என்று சொல்கிற குரலில் கேட்டான்.

"இப்பச் சொல்லுடி, யாரு மூச்சு யாரு கையில இருக்கு?"

பதில் சொல்லக் காற்று வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். மூச்சை விட்டால்தான் பேச்சு, வெளியே போகிற காற்றில் நாண்கள் அதிர்ந்தால்தான் குரல். அதை அடைத்துவிட்டுச் சொல்லுடி சொல்லுடி என்றால் எதைச் சொல்வாள். காதுக்குள் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது, கண்ணுக்குள் புள்ளி புள்ளியாகக் கறுப்பு இறங்கியது, கால் கட்டைவிரல் தரையைத் தேடியது. அந்த நேரத்தில்கூட அவளுக்குள் இருந்த வாத்தியாரம்மா சாகவில்லை, இது மூச்சுக்குழல் இல்லை, கழுத்தோரத்து ரத்தக் குழாய், மூளைக்குப் போகிற ரத்தம் நிற்கிறது, அதனால்தான் இருட்டுகிறது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவனுக்கே கை சலித்து விட்டுவிட்டான். போய்ச் சாப்பிட்டான். படுத்தான். குறட்டை விட்டான். நின்றது. அவள் போய்த் தட்டிவிட்டாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நெரித்ததைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், அதே நாளில், அதே கழுத்து எரிய எரிய, எழுந்து போய்த் தட்டிவிட்டாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. இப்போது கூட அவன் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். வயிறு மேலே போகும்போது நெஞ்சு உள்ளே போகிறது, நெஞ்சு எழும்பும்போது வயிறு ஒட்டுகிறது, இரண்டும் ஏற்றமும் இறக்கமுமாக மல்லுக்கட்டுகின்றன. உதரவிதானம் காற்றை இழுக்கிறது, தொண்டை விடமாட்டேன் என்கிறது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைத்துக்கொள்கிறது. குருத்தெலும்பு வளையம் இல்லாத இடம் அது, வெறும் சதை. வியாழக்கிழமை அவளுக்குச் செய்ததை இவன் தூக்கத்தில் தனக்கே செய்துகொள்கிறான். செய்துகொள்ளட்டும். நல்லாச் செய்துகொள்ளட்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கட்டும் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் கை போய்த் தட்டிவிட்டது.

தட்டிவிட்டது, குறட்டையும் வந்துவிட்டது. செல்விக்குக் கையை அறுத்துப் போட வேண்டும்போல இருந்தது. யாருடைய கை இது, எந்த வீட்டு நாய்க்குட்டி, கூப்பிடாமலே வாலாட்டிக்கொண்டு போகிறது. இந்தக் கையைப் பழக்கியது பிச்சையம்மா அத்தை. செல்விக்கு அப்பாவோடு பிறந்தவள், ராஜாங்கத்துக்கு அம்மா, முறை மாறாமல் மருமகள் எடுத்தவள். கல்யாணத்தன்று அறைக்குள் அனுப்புகிறதற்கு முன்னால் மற்ற அத்தைமார் வேறு என்னென்னவோ சொல்லிக் கொடுப்பார்கள், இந்த அத்தை செல்வியின் உள்ளங்கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்து, இந்த இடத்தில், இவ்வளவு பலமாக, தட்டிக் காட்டினாள். ரொம்ப மெல்லத் தட்டினால் ஏறாது, ரொம்ப பலமாகத் தட்டினால் முழித்துக்கொண்டு வைவான். மாமா இப்படித்தான் தூக்கத்தில் போனார், அன்றைக்கு மட்டும் நான் அசந்துவிட்டேன், என் வயிற்றெரிச்சல் உனக்கு வேண்டாம் தாயி என்று அழுதாள். செல்வியும் அழுதாள். அத்தை செத்து இரண்டு ஆடி போய்விட்டது. இத்தனை நாள் தோன்றாத ஒன்று இப்போது செல்விக்குத் தோன்றியது. அத்தை அசந்து தூங்கி அவள் பார்த்ததே இல்லை. பூனை நடந்தால் எழுந்துவிடுகிறவள். மாமாவும் கை நீளமான ஆள்தான், அத்தையின் இடது காது கேட்காமல் போனது பிறவியிலே இல்லை. அப்படியானால் அன்றைக்கு அத்தை அசந்தாளா? முழித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளா? இப்போது செல்வி உட்கார்ந்திருக்கிற மாதிரி, கையை மடியில் வைத்துக்கொண்டு? இருந்துவிட்டு, பாவம் பொறுக்காமல், மகனுக்கு மட்டும் காவல் போட்டுவிட்டுப் போனாளா? கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

குறட்டை இழுத்துக்கொண்டிருந்தது. அது ஏறுகிற வரைக்கும் பயமில்லை, இறங்கும்போதுதான் செல்வி காதைத் தீட்டிக்கொள்வாள். அம்மாவிடம் வெள்ளிக்கிழமை போன் போட்டாள். முழுவதும் சொன்னாள், விரல் பதிந்ததைச் சொன்னாள், இனி இங்கே இருக்க மாட்டேன், வந்துவிடுகிறேன் என்றாள். அம்மா அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தினாள், அவன் கை அழுகிப்போக என்று திட்டினாள், எல்லாம் ஆன பிறகு தணிந்த குரலில் சொன்னாள், "உனக்குத் தொண்டை ஆறிரும்டி. அவனுக்கு நின்ன மூச்சு திரும்ப வருமா?" அவ்வளவுதான் வழக்கு. தீர்ப்பும் அதுதான். இவள் கிளம்பினால் அவன் செத்துப்போவான், செத்தால் கொன்றவள் இவள், ஊரும் அப்படித்தான் சொல்லும், இவளும் அதை நம்புகிறாள், நம்பித்தான் பதினோரு வருஷம் இந்தக் கட்டிலின் ஓரத்தில் காவல் கிடந்தாள். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடிக்கிறான். சின்ன வயதிலும் அப்படித்தான், பம்புசெட் தொட்டியில் யார் அதிக நேரம் தம் பிடிப்பது என்று ஆட்டம் வைத்து, இவள் தலை மேலே வரும்போதெல்லாம் உச்சியில் கையை வைத்து அமுக்குவான். தண்ணீருக்குள் அவள் கண்ணைத் திறந்தால் மேலே வெயில் நெளியும், அவன் முழங்கால் தெரியும், நெஞ்சுக்குள் நெருப்பு வைத்தது மாதிரி எரியும். எரிவது காற்று இல்லாததால் இல்லை, உள்ளே கரியமில வாயு சேர்ந்துபோவதால் என்பது பின்னால் படித்தது. அவன் முடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டால் வரப்பில் நின்ற பெரியவர்கள் சிரிப்பார்கள், முறைப்பையன் விளையாடுறான், இப்பயே உரிமையைக் காட்டுறான் பாரு என்பார்கள். அவள் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஊற்ற மண்ணில் குப்புறக் கிடந்து இருமினாள். அவர்களை எல்லாம் வரிசையாக அதே தொட்டியில் அமுக்க வேண்டும். ஒருத்தர் விடாமல். உச்சியில் கையை வைத்து, குமிழி நிற்கிற வரைக்கும். நினைத்ததும் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தில் ஒரு சுகம் இருந்ததையும் அவள் மறைக்கவில்லை. அப்போது குறட்டை நின்றது.

இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. வயிறு எழும்பியது, நெஞ்சு உள்ளே போனது, காற்று போகவில்லை. தொடைக்குக் கீழே விரல்கள் புழுவாக நெளிந்தன. அசையாதே சனியனே என்று கையைத் திட்டினாள். உள்ளே நடப்பது எல்லாம் அவளுக்குப் பாடமாகத் தெரியும், தெரிவதுதான் கொடுமை. நுரையீரலுக்குள் திராட்சைக் குலைபோல லட்சக்கணக்கான சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன, பழைய காற்றை வைத்துக்கொண்டு புதுக் காற்றுக்குக் காத்திருக்கின்றன, ரத்தம் வந்து பிராணவாயு கேட்கிறது, வெறுங்கையோடு திரும்பிப் போகிறது. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. நெற்றியில் ஒரு நரம்பு புடைத்தது. விசில் இன்னொன்று. சாகு என்று நினைத்தாள். மனசுக்குள்தான், ஆனால் தெளிவாக, எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி, சாகு, செத்துப்போ, நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது செத்துப்போ. யார் கேட்கப்போகிறார்கள்? கறி தின்றுவிட்டுப் படுத்தார், தூக்கத்திலேயே போய்விட்டார், நோக்காடு இல்லாத சாவு, கொடுத்துவைத்தவர் என்பார்கள். அத்தையைச் சொன்னதுபோல இவளையும் சொல்வார்கள், பாவம், காலேஜுக்கும் போய்விட்டு வந்து எத்தனை வருஷம் கண் முழிப்பாள், அசந்துவிட்டாள். இவள் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அழுதுவிடுவாள், அது ஒன்றும் சிரமமில்லை. விசில் வரவில்லை, அடுப்பை அணைத்துவிட்டார்கள்போல. தெருவில் உப்பு விற்கிறவர் ஒருவர் கூவிக்கொண்டு போனார், குரல் முக்குத் திரும்பித் தேய்ந்து நின்ற பிறகும் இவன் மூச்சு வரவில்லை. முன்னால் எப்போதும் இவ்வளவு தூரம் வந்ததில்லை, இந்த இடத்துக்கு முன்னமே கை போயிருக்கும். இப்போது பயம் வந்தது. அது அவன்மேல் வந்த இரக்கம் இல்லை, இரக்கம் என்றால் சொல்லிவிடலாம். தானே இப்படி ஒரு ஆளாக உட்கார்ந்திருக்கிறோமே என்ற பயம். நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் நின்று முதலுதவி எப்படிச் சொல்லித் தருவது. எழு என்று உடம்பு சொன்னது, தட்டு என்று கை சொன்னது, அத்தை சொன்னாள், அம்மா சொன்னாள். அவள் மூச்சும் நின்றிருந்தது, எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை, அவனோடு சேர்ந்து அவளும் தம் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் தாங்க முடியாமல் போனது அவளுக்குத்தான். வாயைத் திறந்து காற்றை இழுத்தாள், வலித்த தொண்டை வழியே அது கத்தியாக இறங்கியது.

அடுத்த நொடி அவனும் இழுத்தான். யாரும் தட்டவில்லை. தலை பின்னால் போக, தாடை முன்னால் வர, உடம்பு முழுக்க ஒரு உதறு உதறி, தொண்டை கிழிகிற சத்தத்தோடு காற்று உள்ளே போனது, உதட்டில் நிறம் வந்தது, குறட்டை ஏறியது. செல்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் தொடைக்குக் கீழேதான் இருந்தது, விரலை அசைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். மறுபடி நின்றது. மறுபடி தானாக வந்தது. இன்னொரு தரம் நின்றது, வந்தது. அவளுக்கு முதலில் வந்தது ஏமாற்றம், அதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது, செத்துத் தொலைவான் என்று நினைத்தாள், தொலையவில்லை. ஏமாற்றத்துக்குப் பின்னால் மெல்ல ஒரு கோபம் ஏறியது, அது அவன்மேல் இல்லை. சுவாசத்தைக் கட்டுப்படுத்தும் மையம் முகுளத்தில் உள்ளது, ரத்தத்தில் கரியமில வாயு மிகும்போது அம்மையம் தூண்டப்பட்டுச் சுவாசம் தன்னிச்சையாகத் தொடர்கிறது. வருஷா வருஷம் தேர்வுக்கு வருகிற கேள்வி. வருஷா வருஷம் இவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள், தப்பாக எழுதுகிறவளுக்கு முட்டை போடுகிறாள். மூச்சை யாரும் தட்டிக் கிளப்ப வேண்டியதில்லை, அடைப்பு முற்றினால் மூளையே உதைத்து எழுப்பிவிடும், பெரும்பாலும் எழுப்பிவிடும். காலேஜில் அது பாடம், வீட்டில் அத்தை சொன்னது பாடம், இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றை ஒன்று பார்க்கவிடாமல் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். என்றைக்காவது ஒரு நாள் அந்த நெஞ்சு நிற்கலாம், மெஷின் வாங்கச் சொன்ன டாக்டர் அதையும் சொன்னார். அன்றைக்கு இவள் தோளில் தட்டுகிற தட்டு அதை ஒன்றும் செய்யப்போவதில்லை. இவன் உயிர் இவள் கையில் இருந்ததே இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இவள் தூங்கியிருக்கலாம். பதினோரு வருஷமும் தூங்கியிருக்கலாம். வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, தொண்டை விடவில்லை, கண்ணில் நீராக வந்தது.

அடுத்த அடைப்பு முரட்டு அடைப்பு, அவனை எழுப்பியே விட்டது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு திமிறி எழுந்து உட்கார்ந்து, கண்ணில் ரத்தம் ஏற, காற்றை அள்ளி அள்ளிக் குடித்தான். இவள் பக்கத்தில் முழித்துக்கொண்டு, கை கட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பார்த்தும் அவனுக்கு விளங்க நேரம் பிடித்தது.

"தட்டிவிடலையாடி?"

"இல்ல மச்சான்."

"அசந்துட்டியா?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

அவன் கை ஓங்கும் என்று எதிர்பார்த்தாள். ஓங்கவில்லை. அவள் முகத்தையும், கட்டியிருந்த கையையும், கழுத்தில் தன் விரல் பதிந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இவ்வளவு பெரிய உடம்பில் பயம் இருக்கிற இடம் எது என்று இத்தனை நாள் அவளுக்குத் தெரிந்ததில்லை, இப்போது கண்ணுக்குக் கீழே சதை துடித்துக்கொண்டிருந்தது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டாமல் ஒருக்களித்து நடந்து, அத்தை இருந்த அறைக்குள் போனான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. செல்வி எழுந்தாள். காலேஜ் பையில் இரண்டு சேலையைத் திணித்தாள், சார்ஜரை எடுத்தாள், முந்தானையை எடுத்துக் கழுத்தில் சுற்றப்போனவள் வேண்டாம் என்று கீழே விட்டாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், அம்மா முதலில் பார்க்கட்டும். கதவோரத்தில் ஒரு காலில் செருப்பை மாட்டும்போது அத்தை அறையில் குறட்டை ஆரம்பித்தது. சாய்ந்தால் தூங்கிவிடுகிற வியாதி, பயம்கூட அதைத் தடுக்கவில்லை. ஏறியது, இழுத்தது, தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் சட்டென்று நின்றது. அவள் ஒற்றைக் காலில் செருப்போடு நின்றாள். வலது காலையும் செருப்புக்குள் நுழைத்தாள், பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி, மறுபடி வருகிறதா என்று நின்று கேட்காமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.